எஸ்.பி. ரோட்டு மாடிக்கடையும் என் ஓட்டை ரேமும்

கடைப் பெயரைப் போடாமல் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைப் பற்றி எழுதுவது கூத்துதான், தெரியும். கடைக்கார அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார். ஏற்கெனவே மேசை கொள்ளாமல் வேலை கிடக்கிறதாம், "நீ எழுதி நாலு பேர் கூட வந்தா, நான் எப்ப மாரிக்குப்பம் வண்டியைப் பிடிக்கிறது?" என்றார். கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தை 2001-ல் மூடியதிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வந்துபோய்க்கொண்டிருப்பவர். ஆகவே அடையாளம் மட்டும் சொல்கிறேன். சிக்பேட் மெட்ரோவில் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்கு நடக்கிற தூரம்தான். ஒரு சந்தில், மீட்டர் கணக்கில் ஒயர் விற்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படி. கேபினட்டைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறும்போது எதிரே இன்னொருவர் கேபினட்டோடு இறங்கினால், ரெண்டு பேரில் ஒருவர் திரும்பிப் போய்த்தான் ஆகவேண்டும். மேலே பத்துக்குப் பத்து அறை, டேபிள் ஃபேன், சுவரில் முருகன் காலண்டர். அவ்வளவுதான் கடை.

எனக்கு வீடு அல்சூரில். வேலை வீட்டிலிருந்தே, சின்னச் சின்ன போர்டுகளுக்கு யாக்டோ என்ற கருவியில் லினக்ஸ் இமேஜ் கட்டித் தருவது. அதற்கென்றே ரெண்டு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த மெஷின் இது, எட்டு கோர் ரைசன், பதினாறு பதினாறாக 32 ஜிபி டிடிஆர்4 ரேம். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் ஒருநாள் ராத்திரி பில்டை, அதாவது கோடையெல்லாம் கம்பைல் செய்து இமேஜாகக் கட்டும் வேலையை, போட்டுவிட்டுப் படுத்தேன், காலையில் பார்த்தால் பாதியில் நிற்கிறது. இன்டர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட். அதாவது கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரே செத்து விழுந்திருக்கிறது. சரி, ஏதோ கம்பைலர் பக் என்று நினைத்து அதே கமாண்டை மறுபடி அடித்தேன், ஒன்றுமே நடக்காத மாதிரி அந்த ஃபைலைத் தாண்டிப் போனது. முக்கால் மணி நேரம் கழித்து வேறு ஏதோ ஒரு பேக்கேஜில் நின்றது. மூன்றாம் தடவை முழுசாக முடிந்தது. முடிந்துவிட்டதே என்று நானும் விட்டுவிட்டேன், அங்கேதான் தப்பு.

அடுத்த மூன்று வாரம் நான் பட்ட பாட்டை விலாவாரியாகச் சொன்னால் உங்களுக்கும் அலுத்துவிடும். ஜிசிசி கம்பைலரை மாற்றினேன். பைதானை மாற்றினேன். உபுண்டுவைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ஒருநாள் டவுன்லோடு ஆன ஒரு ஃபைலின் எம்டி5 (ஃபைல் சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்றது, அதே ஃபைலைக் கையால் எடுத்து எம்டி5 பார்த்தால் பொருந்தியது. ஏர்டெல்லா ஜியோவா என்று இன்டர்நெட் மேல் சந்தேகப்பட்டு அவர்களோடும் சண்டை. ஆபீஸில் இருக்கும் பில்ட் சர்வரில் என் கோடு ஒரு தடவைகூட ஃபெயில் ஆகவில்லை, ஆகவே எங்கள் லீடு, "உன் மெஷின்ல மட்டும்தான்பா இந்தப் பேய் ஆடுது" என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொன்னார். அவர் கிண்டலுக்குச் சொன்னதுதான் சரியான டயக்னாஸிஸ் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில், ஏசி போட்ட, டோக்கன் கொடுக்கிற ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பெயர் வேண்டாம். ரேமைக் கழற்றி, அந்தத் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகி, விண்டோஸ் போட்டு, ஒரு யூடியூப் வீடியோ ஓட்டிக் காட்டினார்கள். "ஓடுது பாருங்க சார்." வீடியோ ஓடும், யார் இல்லை என்றது? என் வேலை வீடியோ பார்ப்பதில்லையே. இல்லை இல்லை, கம்பைல் செய்யும்போதுதான் பிரச்சனை என்று விளக்கியதும் அந்தப் பையன் உள்ளே போய்ப் பெரியவரிடம் பேசிவிட்டு வந்து, மதர்போர்டு போயிருக்கிறது, 18,500 ஆகும் என்றான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சர்வீஸ் சார்ஜ் 700 ரூபாய் மட்டும் கறாராக வாங்கிக்கொண்டார்கள். அழிரப்பருக்கு 700!

(அந்த ரப்பர் வைத்தியத்தை நான் முழுக்கக் கேலி செய்யவில்லை. பற்களில் அழுக்கேறி மெஷின் ஆன் ஆகாமலே பீப் அடிக்கும் கேஸ்களில் அது வேலை செய்யும், நானே செய்திருக்கிறேன். ஆனால் எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை என்றால் எப்படி.)

அப்புறம்தான் என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு நண்பன் இந்த மாடிக்கடையைச் சொன்னான். ஆட்டோவில் மடியில் கேபினட்டை வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, "சொல்லு தம்பி, இன்னா ஆவுது?" என்றார். சொன்னேன். முழுசாகக் கேட்டார், நடுவில் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"ஒரே எடத்துல நிக்குதா, வேற வேற எடத்துலயா?"

வேற வேற இடத்தில்தான் அண்ணே, என்றேன்.

"அப்ப உன் ப்ரோகிராம் மேல தப்பு இல்ல. ப்ரோகிராம் தப்புன்னா தெனமும் அதே எடத்துலதான் முட்டிக்கும். இது உள்ள ஏதோ பல்லு ஆடுது."

யோசித்துப் பார்த்தால் இவ்வளவு எளிமையான விஷயம். ஒரே இன்புட், ஒரே கம்பைலர், ஒரே கமாண்ட், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு முடிவு என்றால், மாறுகிற பொருள் மெஷின் ஒன்றுதான். மூன்று வாரம் எனக்கு இது உறைக்கவில்லை. அடுத்து 'கில்டு' (கொல்லப்பட்டது) என்று ஏதாவது வருகிறதா, டிமெஸ்ஸேஜ் என்கிற சிஸ்டம் லாகில் அவுட் ஆஃப் மெமரி என்று இருக்கிறதா என்று கேட்டார். அது வந்தால் ரேம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ரேம் போதவில்லை என்று அர்த்தம், ஒரே நேரத்தில் பதினாறு வேலை ஓட ஜே16 என்று போடுவதை ஜே8 ஆக்கினாலே சரியாகிவிடும். எனக்கு அது இல்லை. அப்புறம் போனில் இருந்த லாக் ஒன்றை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். அதில் நான் பார்க்காமல் தாண்டிப் போன ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். ஜிசிசியே செத்து விழும்போது அதே ஃபைலைத் தானாக மறுபடி கம்பைல் செய்து பார்க்குமாம், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழுந்தால், இந்த பக் திரும்ப வரவில்லை, ஹார்டுவேர் அல்லது ஓஎஸ் கோளாறாக இருக்கலாம் என்று எழுதியே வைக்குமாம். எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

ப்ராசஸர் எது என்றும் கேட்டார். அதற்கும் காரணம் இருக்கிறது. 2017-ல் வந்த முதல் ரைசன்களில் சிலது லினக்ஸில் மணிக்கணக்காகக் கம்பைல் ஓட்டினால் இதே மாதிரி செக்ஃபால்ட் ஆகிக்கொண்டிருந்தன, ஏஎம்டியே ஒத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. இன்டெல் பக்கம் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறிப் பழுதாகி, 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு விட்டு, வாரன்டியை ரெண்டு வருடம் நீட்டினார்கள். என்னுடையது இந்த ரெண்டிலும் சேராது. "நல்லது, சிப்புன்னா செலவு ஜாஸ்தி" என்றார்.

பிறகுதான் கேபினட்டைத் திறந்தார். ப்ளோயர் அடித்துத் தூசியை ஓட்டினார் (வாசல் பக்கம் திரும்பி நின்றுகொள்ளுங்கள், சொல்லாமல்தான் ஆன் பண்ணுவார்). பில்டை ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரால் எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளையின்) பன்னிரண்டு வோல்ட் ஒயரைப் பார்த்தார், 11.9 காட்டியது, 11.4-க்குக் கீழே போகாதவரை கவலையில்லை என்றார். சூடு எண்பதுக்குள். எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் ரிப்போர்ட் சுத்தம். பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்தார். 3200 என்று பெட்டியில் போட்டு விற்கிற ரேம் அந்த வேகத்தில் ஓடுவது பெரும்பாலும் எக்ஸ்எம்பி வழியாக வோல்டேஜை 1.35-க்கு ஏற்றித்தான், அதை அணைத்தால் 1.2 வோல்ட்டில் மெதுவாக ஓடும், சில மெஷின்களில் அதிலேயே பிரச்சனை தீர்ந்துவிடும். எனக்குத் தீரவில்லை. இத்தனைக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, மணி ஐந்து.

"விட்டுட்டுப் போ. ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓடட்டும். இப்பவே எதுன்னு சொன்னா அது பொய்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்கை நான் இந்த ஊரில் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

மறுநாள் பதினொரு மணிக்குப் போனேன். திரையில் மெம்டெஸ்ட்86 பிளஸ், நீலப் பின்னணியில் சிவப்பு வரிகள். ஏழு சுற்று முடிந்திருந்தது. முதல் ரெண்டு சுற்றில் ஒன்றுமே இல்லையாம், மூன்றாவதில்தான் தொடங்கியிருக்கிறது. அந்த ஏசிக் கடைக்காரர்கள் மெம்டெஸ்ட் போட்டிருந்தாலும் ஒரு சுற்றோடு நிறுத்தி 'ரேம் ஓகே' என்றிருப்பார்கள். அண்ணன் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் காட்டினார். மெம்டெஸ்ட் ரேமில் எழுதிய மதிப்பு வரிசையாக எஃப் எஃப் எஃப் என்று போகிறது, திரும்பப் படித்ததில் நடுவே ஒரே ஒரு எழுத்து மட்டும் பி. அதற்குக் கீழே உள்ள வரியிலும் அதே இடத்தில் பி. அதற்கும் கீழே, பி. அட்ரஸும் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்து அட்ரஸ்தான். எஃப் என்றால் நாலு ஒன்று, பி என்றால் அதில் ஒன்று மட்டும் பூஜ்யம். 32 ஜிபி என்பது ஏறத்தாழ 27 ஆயிரம் கோடி பிட். அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிட்டுகள், அதுவும் மெஷின் நன்றாகச் சூடான பிறகு மட்டும், ஒன்றைப் பூஜ்யமாகச் சொல்கின்றன. அதற்காக நான் உபுண்டுவைத் துடைத்தேன்.

ஏன் கம்பைலர் மட்டும் விழுகிறது, யூடியூப் ஏன் ஓடுகிறது என்று கேட்டேன். வீடியோவில் ஒரு புள்ளி கொஞ்சம் நிறம் மாறினால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். கம்பைலர் அப்படியில்லை, நினைவகம் முழுக்க இது அங்கே இருக்கிறது, அது இங்கே இருக்கிறது என்று பாயின்டர்களாகக் கட்டி வைத்துக்கொண்டு அதன் வழியே நடக்கிற ஜென்மம். ஒரு பாயின்டரில் ஒரு பிட் புரண்டால் இல்லாத வீட்டு வாசலில் போய் நிற்கும், லினக்ஸின் மையமான கெர்னல், சிக்னல் 11 (அதுதான் அந்த செக்மென்டேஷன் ஃபால்ட்) கொடுத்து அடித்து விரட்டிவிடும். போதாததற்கு பதினாறு ஜாபை ஒன்றாக ஓடவிட்டு ரேமின் மூலை முடுக்கெல்லாம் நாமே நிரப்புகிறோம். தொண்ணூறுகளில் லினக்ஸ் கெர்னலைக் கட்டிப் பார்த்தே ரேம் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார்களாம், சிக்னல் 11 என்றாலே முதலில் ரேமைப் பார் என்பது அந்தக் காலத்துப் பாடம். என் எம்டி5 மர்மமும் அதேதான். டிஸ்க்கில் ஃபைல் சரியாகத்தான் இருந்திருக்கிறது, படித்து வைத்த ரேம் பக்கம்தான் ஓட்டை. ஏர்டெல்லிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

ரேம்தான் என்று தெரிந்த பிறகும் அவர் விடவில்லை, இது எனக்குப் பிடித்த இன்னொன்று. ரேம் ஸ்டிக்கா, மதர்போர்டில் அதைச் சொருகும் ஸ்லாட்டா என்று பார்க்கவேண்டும் அல்லவா. முதல் ஸ்டிக்கைத் தனியாக ஏ2 ஸ்லாட்டில் போட்டு ஒரு ராத்திரி, ரெண்டாவதை அதே ஏ2-வில் போட்டு ஒரு பகல், அப்புறம் ரெண்டையும் பி2-வில் மாற்றி மாற்றி. ரெண்டாவது ஸ்டிக் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பி என்றது, முதல் ஸ்டிக் எங்கே போட்டாலும் வாய் திறக்கவில்லை. மதர்போர்டு நிரபராதி. 18,500 ரூபாய் நிரபராதி.

அந்தக் கெட்ட அட்ரஸை மட்டும் ஒதுக்கிவிடச் சொல்லி கெர்னலுக்கு மெம்மேப் கொடுத்துச் சமாளிக்கலாமே என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். "பண்ணலாம். ஓட்டை அங்க மட்டுந்தான்னு உனக்கு யார் எழுதிக் குடுத்தது?" என்றார். இசிசி ரேமாக இருந்திருந்தால் இந்த ஒரு பிட்டைத் தானே திருத்தி லாகிலும் எழுதி வைத்திருக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார், ஆனால் நம் மாதிரி ஆட்கள் வாங்குகிற மெஷின்களில் அதை யார் போடுகிறார்கள்.

இப்போது காசு விஷயம். புது ஸ்டிக் விற்று லாபம் பார்த்திருக்கலாம், கண்ணாடி அலமாரியில் நாலைந்து வைத்திருந்தார். அதற்குப் பதில், வாங்கிய பில் இருக்கிறதா, பெட்டி இருக்கிறதா என்று கேட்டு, கம்பெனி வாரன்டி இன்னும் இருக்கிறது, ரெண்டையும் ஜோடியாக அனுப்பு, ஒன்றை மட்டும் அனுப்பினால் வேறு சிப் போட்ட ஸ்டிக் வந்து சேராமல் போகும் என்று சொல்லி, சிவப்பு வரி தெரியும்படி திரையைப் போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பினார். அந்தப் போட்டோவை வைத்ததும் வாரன்டிக்காரர்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, பன்னிரண்டு நாளில் புது ஜோடி வந்தது. அதுவரை ஓட்ட எட்டு ஜிபி ஸ்டிக் ரெண்டு இரவல் கொடுத்தார். நாலு நாள் வேலைக்கு மொத்த பில் 1,050 ரூபாய்.

குறைகள் இல்லாமல் இல்லை. அந்த 1,050-ல் 250 ப்ராசஸருக்குப் போட்ட பேஸ்டுக்கு. போடட்டுமா என்று கேட்கவே இல்லை, சூடு சரியாக இருக்கிறது என்று அவரே சொன்ன பிறகு எதற்குப் பேஸ்ட் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பயாஸை ரீசெட் செய்துவிட்டு அதையும் சொல்லவில்லை, நான் ஃபேனுக்கு வைத்திருந்த செட்டிங்ஸ் எல்லாம் போய் வீட்டில் ஆன் செய்ததும் மெஷின் மிக்ஸி மாதிரி கத்தியது. போன் அடித்தால் நாலாவது தடவைதான் எடுப்பார். ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்தான். வண்டி நிறுத்த இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அவசரம் என்று போகிறவர்களுக்கு இந்தக் கடை சரிப்படாது, லேப்டாப்பையும் அவர் தொடுவதில்லை. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், பேஸ்டுக்கு ஒன்று கழித்துக்கொண்டேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. புது ரேம் போட்ட அன்று ராத்திரியே பில்ட் மறுபடி ஃபெயில் ஆனது. கம்பைல் ஆன துண்டுகளை (ஆப்ஜெக்ட் ஃபைல்களை) ஒன்றாக ஒட்டும் லிங்க் கட்டத்தில், ஏதோ ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலில் புரியாத ரீலொகேஷன் என்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் காலை போனைப் போட்டு, அண்ணே, அதே கதைதான், புது ரேமும் போச்சு என்றேன். பின்னால் ரயில் சத்தம், பங்காருப்பேட்டை தாண்டியிருப்பார்.

"ஒரே எடத்துலயா, வேற வேற எடத்துலயா?"

நாலு தடவை போட்டிருந்தேன். நாலும் அதே ஃபைல்.

"கேஷை அழிச்சியா நீ?"

அழிக்கவில்லை. கடையில் மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார், ரேம் கெட்டிருந்த நாட்களில் கட்டிய எதையும் நம்பாதே, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கட்டு என்று. முன்பு கட்டியதை யாக்டோ சேர்த்து வைக்கும் எஸ்ஸ்டேட் கேஷ் அறுபது ஜிபி சொச்சம், அதை அழித்தால் முதலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகுமே என்று நான்தான் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். ஓட்டை ரேமில் பிறந்த ஏதோ ஒரு ஆப்ஜெக்ட், பிட் புரண்டபடியே கேஷுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பில்டுக்கும் எழுந்து வந்திருக்கிறது. அழித்தேன். என் கோடைச் சேமித்து வைக்கும் கிட்டில் ஏதாவது கெட்டிருக்கிறதா என்று எஃப்எஸ்சிகே ஓட்டிப் பார்த்தேன், அது தப்பித்திருந்தது. ஆறு மணி நேரம் இருபது நிமிடம், முழுசாக முடிந்தது. அதற்கப்புறம் ரெண்டு மாதமாகக் கம்பைலர் செத்து விழவில்லை. என் கோடில் இருக்கும் தப்புகளுக்காக மட்டும் நிற்கிறது, அதுவும் ஒழுங்காக ஒரே இடத்தில்.

கடை திங்கள் முதல் சனி, பதினொரு மணிக்கு மேல். சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறகு போகாதீர்கள், ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். போகும்போது உங்கள் பில்டை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள், கேட்பார்.